வெயில் யார் பக்கம்?

சிவகாசியை ஒட்டிய விஸ்வநத்தம் வட்டாரப் பட்டாசு ஆலைகளில் மருந்து கலப்பது காலை வேலை. வெயில் ஏறுவதற்குள் கலந்து, செலுத்தி முடித்துவிடப் பார்ப்பார்கள். மிச்சம் வைத்த கலவையில் ஈரம் பட்டு, பிறகு சூடேறினால் விபரீதம். மறுநாள் செய்தித்தாளில் 'வேதிமாற்றம்' என்று ஒரு சொல்லில் அடங்கிவிடும். மழையும் காற்றின் ஈரமும் குறைவு என்பதால்தான் இந்தத் தொழிலே இங்கு வேர்பிடித்தது. 1922இல் பி. அய்ய நாடாரும் ஏ. சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுவந்த கதை ஊருக்கே மனப்பாடம். வெயிலை மூலதனமாக்கிக்கொண்ட பூமி இது. அந்த வெயில் இன்னும் இரண்டு டிகிரி கூடினால் என்னவாகும் என்ற கேள்விக்கு ஆலைக்குள் ஓரளவு விடை உண்டு. மதிலுக்கு வெளியே, மக்காச்சோளக் காட்டிலும் தென்னந்தோப்பிலும் கண்மாய்க் கரையிலும்தான் அது சிடுக்காகிறது.

சூடு ஏற ஏற வேதிவினை எவ்வளவு வேகமெடுக்கும் என்பதற்கு 1889இல் ஒரு சமன்பாட்டைத் தந்தவர் ஸ்வீடன் நாட்டு வேதியியலாளர் ஸ்வாந்தே அரேனியஸ். ஏழு ஆண்டு கழித்து, காற்றில் கரியமில வாயு கூடினால் பூமி எவ்வளவு சூடாகும் என்று கணக்குப் போட்டவரும் அவரேதான். முதல் கணக்கு உயிர்களுக்கும் பொருந்தும்; உடலுக்குள் நடப்பதும் வேதிவினைகள்தானே. ஜேம்ஸ் பிரவுனும் கூட்டாளிகளும் 2004இல் இதை ஒரு பொதுக் கோட்பாடாக்கினார்கள். அவர்கள் எடுத்துக்கொண்ட சராசரி மதிப்பை வைத்துப் பார்த்தால், 20 டிகிரியில் இருக்கும் பூச்சியை 30 டிகிரிக்குக் கொண்டுபோனால் அதன் உடலியக்கம் ஏறத்தாழ 2.3 மடங்காகும். தின்பது, வளர்வது, முட்டையிடுவது எல்லாம் முடுக்கிவிடப்படும்.

இதில் பண்ணைக்கு உதவும் கணக்கும் உண்டு. 2018இல் கர்நாடகம் வழியாக இந்தியாவுக்குள் வந்து, அதே ஆண்டில் தமிழ்நாட்டு மக்காச்சோளத்தைச் சூறையாடிய படைப்புழுவை எடுத்துக்கொள்வோம். முட்டையிலிருந்து அந்துப்பூச்சியாக அதற்குத் தேவைப்படும் மொத்த வெப்பம் சுமார் 390 டிகிரி-நாள் என்று தென்னாப்பிரிக்க ஆய்வு ஒன்று அளந்திருக்கிறது, சுமார் 12.6 டிகிரிக்குக் கீழே வளர்ச்சி நின்றுவிடும். அப்படியானால் சராசரி 27 டிகிரியில் ஒரு தலைமுறைக்கு 27 நாள், 30 டிகிரியில் 22 நாள். மூன்று டிகிரிக்கு ஐந்து நாள் மிச்சம். புரட்டாசி, ஐப்பசியில் மானாவாரியாக விதைத்த மக்காச்சோளம் அறுப்புக்கு வருவதற்குள் மூன்று தலைமுறைக்குப் பதிலாக நான்கு. விருதுநகர் மாவட்டத்துக் கரிசல் விவசாயிக்கு இந்த ஒரு தலைமுறைதான் லாபநஷ்டம்.

கணக்கு இத்தோடு முடிந்தால் சுகம்தான். வேதிவினை சூட்டோடு ஏறிக்கொண்டே போகும். உயிர் அப்படிப் போகாது. ஒரு வரம்பு வரை மெல்ல ஏறி, உச்சத்தைத் தொட்டதும் சடாரென்று சரியும். இந்த வளைவை விட்டுவிட்டு நேர்கோடாக வரைந்தால் விடை எவ்வளவு பிசகும் என்பதற்கு மலேரியா நல்ல சாட்சி. பழைய மாதிரிகள் மலேரியா 31 டிகிரி வாக்கில் உச்சமாகப் பரவும் என்றன. கொசுவின் ஆயுள், கடிக்கும் வேகம், அதன் உடலில் ஒட்டுண்ணி முதிரும் காலம் ஆகிய ஒவ்வொன்றையும் வளைவாகவே எடுத்துக்கொண்டு எரின் மொர்டகாய் குழு 2013இல் மறுபடி கணக்கிட்டபோது உச்சம் 25 டிகிரிக்கு இறங்கியது. ஏடிஸ் கொசு பரப்பும் டெங்குவுக்கு அதே முறையில் கிடைத்த உச்சம் சுமார் 29. ஒரே வெயில் ஒரு நோய்க்குத் தடையாகவும் இன்னொன்றுக்கு ஊட்டமாகவும் இருக்கலாம்.

இதுவரை சொன்னதெல்லாம் தனித்தனி உயிரின் சங்கதி. தோட்டத்தில் எதுவும் தனியாக வாழ்வதில்லை. ஒன்றை ஒன்று தின்று வாழ்கிறது.

கரிசலில் ஒரு தீராத வழக்கு இருக்கிறது: மயில் ஏன் பெருகிவிட்டது? விதைத்த மறுநாளே கூட்டமாக இறங்கிக் கிளறும் மயிலை அடிக்க முடியாது, அது 1963 முதல் தேசியப் பறவை. சத்தம் காட்டி விரட்டலாம், அவ்வளவுதான். டீக்கடையில் கேட்டால் பெரியவர்கள் சொல்லும் காரணம் ஒன்று: குள்ளநரி போய்விட்டது. ஓடைக்கரையில் ஊளையிட்டுத் திரிந்த நரி முட்டையையும் குஞ்சையும் தின்று மயிலைக் கட்டுக்குள் வைத்திருந்தது. நரி அருகியதும் மயில் பெருகியது. இன்னொரு தரப்பு சீமைக் கருவேல முட்களைக் காட்டும். மயிலுக்கும் பன்றிக்கும் பகலில் ஒளிய அதைவிட நல்ல இடம் இல்லை.

மலைக்கு அந்தப் பக்கம் இதே கேள்விக்கு வேறு விடை வந்திருக்கிறது. 1933இல் சாலிம் அலி திருவிதாங்கூர்–கொச்சிப் பறவைகளைக் கணக்கெடுத்தபோது மயில் அந்தப் பட்டியலிலேயே இல்லை. இன்று கேரளத்தில் அது பல இடங்களில் சாதாரணம். கேரள வேளாண் பல்கலைக்கழகத்தின் சஞ்சோ ஜோஸும் பி. ஓ. நமீரும் 2020இல் வெளியிட்ட ஆய்வு, மயில் தென்பட்ட இடங்களின் வெப்பம், மழை முதலியவற்றைக் கணினி மாதிரியில் கொடுத்து, பருவநிலை வறட்சியை நோக்கி மாறுவதற்கு மயிலை ஓர் அறிகுறியாகக் காட்டியது. இவ்வகை மாதிரியைப் பருவநிலை உறை என்பார்கள். ஓர் உயிர் எந்தச் சூட்டில், எந்த மழையில் வாழ்கிறது என்று பார்த்து, அதே சூடும் மழையும் நாளை எங்கே இருக்குமோ அங்கே அதையும் வைப்பது. உலகெங்கும் ஆயிரக்கணக்கான உயிர்களுக்கு இப்படி வரைபடம் போட்டிருக்கிறார்கள். எளிது, விரைவு, கண்ணுக்குப் பளிச்சென்று வரைபடமும் கிடைக்கும்.

ஆனால் அந்த வரைபடத்தில் நரி இல்லை. டீக்கடைப் பெரியவரின் மாதிரியில் வெயில் இல்லை. அறிவியல் உலகம் கடந்த ஒரு நூற்றாண்டாக இந்த இரண்டையும் ஒரே கணக்குக்குள் கொண்டுவரத்தான் மல்லுக்கட்டுகிறது.

வேட்டையைக் கணிதமாக்கியதில் முதல் பெயர்கள் ஆல்ஃபிரட் லோட்கா, வீட்டோ வோல்டெரா. இத்தாலியக் கணிதவியலாளரான வோல்டெராவிடம் கேள்வியைக் கொண்டுவந்தவர், அவர் மகளை மணந்த உம்பெர்த்தோ தன்கோனா. முதல் உலகப் போரில் அட்ரியாட்டிக் கடலில் மீன்பிடிப்பு குறைந்தது. அந்த ஆண்டுகளில் திரியெஸ்தே, வெனிஸ், ஃபியூமே சந்தைக் கணக்குகளைப் புரட்டினால் வந்த மீன்களில் சுறா, திருக்கை போன்ற வேட்டை மீன்களின் பங்கு கூடியிருந்தது. வலை வீசுவது குறைந்தால் எல்லா மீனும் ஒன்றுபோலப் பெருக வேண்டாமா? 1926இல் வோல்டெரா தந்த விடை இன்றும் பயன்படுகிறது. இரையையும் வேட்டையாடியையும் சேர்த்துக் கொன்றால் பலன் இரைக்குத்தான்; கொல்வதை நிறுத்தினால் பலன் வேட்டையாடிக்கு.

மீனுக்குச் சொன்ன இந்தச் சூத்திரம் பூச்சிமருந்துக்கு அச்சாகப் பொருந்தும். கலிபோர்னியாவின் எலுமிச்சை, ஆரஞ்சுத் தோப்புகளை அழித்த பஞ்சுச் செதில் பூச்சியை 1888–89இல் ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவந்த ஒரு பொறிவண்டு அடக்கியது. 1940களில் டிடிடி தெளித்ததும் வண்டு செத்து, செதில் பூச்சி திரும்பப் பெருகியது. அதே செதில் பூச்சி 1920களின் இறுதியில் நீலகிரிக்கு வந்தது, அதே வண்டும் பின்னாலேயே வரவழைக்கப்பட்டது. அதற்கும் முன்பே தென்மாவட்டங்களை மூடிக்கிடந்த சப்பாத்திக் கள்ளியை 1926இல் இலங்கையிலிருந்து தருவித்த, நசுக்கினால் சிவப்புச் சாயம் வரும் ஒரு சிறு பூச்சி ஒழித்துக்கட்டியது. தின்னும் உயிரின் பலத்தைத் தமிழ்நாட்டு மண் கண்கூடாகப் பார்த்திருக்கிறது.

வோல்டெராவின் சமன்பாட்டில் வேட்டையாடியின் வயிற்றுக்கு அளவே கிடையாது. இரை எத்தனை வந்தாலும் தின்றுகொண்டே இருக்கும். இந்தக் குறையை 1959இல் கனடாவின் சி. எஸ். ஹாலிங் ஒரு மேசையில் வைத்துத் தீர்த்தார். மேசைமீது உப்புத்தாள் வட்டுகளைப் பரப்பி, உதவியாளரின் கண்ணைக் கட்டிவிட்டு, விரல் நுனியால் தட்டித்தட்டித் தேடி எடுக்கச் சொன்னார். வட்டு கூடக் கூட எடுப்பதும் கூடியது. ஆனால் ஒவ்வொன்றையும் எடுத்து ஓரமாக வைக்க நேரம் பிடிப்பதால் ஒரு கட்டத்துக்கு மேல் எண்ணிக்கை ஏறவில்லை. தேடும் வேகம், கையாளும் நேரம் ஆகிய இரண்டு எண்களுக்குள் வேட்டை அடங்கியது. வெப்பம் இந்தக் கணக்குக்குள் நுழைவதும் இந்த இரண்டு வாசல் வழியாகத்தான். சூட்டில் பூச்சி வேகமாக அலையும், வேகமாகச் செரிக்கும். ஆகவே அதிகம் கொல்லும்.

அப்படித்தான் எல்லோரும் எதிர்பார்த்தார்கள். ஜெர்மனியில் பியோர்ன் ரால் குழு தரைவாழ் வண்டு, சிலந்தி ஆகியவற்றைப் பல வெப்பநிலைகளில் வைத்து 2010இல் சொன்ன முடிவு வேறு. சூட்டில் வேட்டையாடி தின்னும் வேகம் கூடுகிறது. உயிர்வாழ அதற்குத் தேவைப்படும் தீனியோ அதைவிட வேகமாகக் கூடுகிறது. முன்னைவிட அதிகம் தின்றும் பட்டினி. இரை கண்முன்னே இருக்கும்போதே வேட்டையாடி மெலிந்து ஒழியலாம். இந்தத் துறையில் வந்த முடிவுகளில் இதுவே மிகவும் கலக்கமூட்டுவது என்று தோன்றுகிறது, காரணம் வயலில் பார்க்கிறவருக்கு முதலில் எல்லாம் நன்றாக இருப்பதுபோலவே தெரியும்.

இன்னொரு கோணமும் உண்டு. நம் ஊர் வயலுக்கு அது நேரடியாகப் பொருந்தும். புழுவின் வேகம் காற்றின் சூட்டைப் பொறுத்தது. அதைக் கொத்தித் தின்னும் கரிச்சான் குருவியின் உடற்சூடோ எப்போதும் 40 டிகிரி அளவிலேயே நிற்கும். வெயில் ஏறினால் புழு தலைமுறையைச் சுருக்கிக்கொள்கிறது, குருவிக்கு அந்த முடுக்கம் கிடைப்பதில்லை. நண்பகலில் அது நிழல் தேடி ஒதுங்கவும் செய்யும். வயலில் குச்சி நட்டுப் 'பறவைத் தாங்கி' வையுங்கள் என்று வேளாண்மைத் துறை சொல்வது நல்ல யோசனைதான். எத்தனை குச்சி என்ற எண்ணிக்கையை மட்டும் சூடான ஆண்டுகளில் மறுபடி யோசிக்க வேண்டியிருக்கும்.

இவ்வளவு நுணுக்கமும் தேவையா, பருவநிலை உறையே போதாதா? இங்கிலாந்தின் லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் ஆண்ட்ரூ டேவிஸும் சகாக்களும் 1998இல் வெளியிட்ட ஒரு சோதனை இதற்குப் பதில். 10, 15, 20, 25 டிகிரியில் நான்கு வெப்பப் பெட்டிகள். அவற்றுக்குள் குழாயால் இணைத்த கூண்டுகள். மூன்று வகைப் பழ ஈக்கள். தனியாக விட்டபோது ஒரு ஈ எந்தச் சூட்டில் வாழ்ந்ததோ, போட்டி ஈக்களைச் சேர்த்து விட்டபோது அந்த எல்லை நகர்ந்தது. ஈயைத் தாக்கும் ஒட்டுண்ணிக் குளவியையும் விட்டபோது மீண்டும் நகர்ந்தது. வெப்பத்தை மட்டும் வைத்து ஈ எங்கே இருக்கும் என்று சொல்ல முயன்றிருந்தால் தப்பாகியிருக்கும். தங்கள் ஆய்வுக்கூடத்தில், தங்கள் கைக்குள் இருக்கும் நான்கு உயிர்களுக்கே இந்தக் கதி.

கடலிலும் இதே படிப்பினை. ராபர்ட் பெய்ன் 1960களில் வாஷிங்டன் கரைப் பாறையிலிருந்து ஒரு நட்சத்திர மீன் இனத்தை மட்டும் அகற்றினார். சிப்பி பெருகி இடத்தை அடைத்துக்கொள்ள, 15 இனங்கள் வாழ்ந்த பாறையில் 8 இனங்களே மிஞ்சின. எரிக் சான்ஃபோர்ட் 1999இல் ஒரேகான் கரையில் காட்டியது அதன் தொடர்ச்சி. கடலடிக் குளிர்நீர் மேலேறி வெப்பம் சுமார் மூன்று டிகிரி குறைந்தாலே அந்த நட்சத்திர மீன் சிப்பி தின்பதைப் பெரிதும் குறைத்துவிடுகிறது.  வெப்பம் ஒன்றைத் தொட்டது, தலையெழுத்து மாறியது மற்றொன்றுக்கு.

இராஜபாளையம் தென்னந்தோப்புக்கு வருவோம். 2016இல் பொள்ளாச்சிப் பக்கம் முதலில் தென்பட்ட சுருள் வெள்ளை ஈ பின்னர் மாநிலமெங்கும் தென்னையில் பரவியது. மழை பொய்த்துச் சூடு நீடிக்கும் மாதங்களில் பெருகும், நல்ல மழையில் ஒடுங்கும். மட்டையின் அடிப்புறத்தில் சுருள்சுருளாக வெள்ளை மெழுகு. கீழ்மட்டையின் மேற்புறம் தேன்கழிவு விழுந்து கரும்பூசணம். இதன் எதிரியான என்கார்சியா என்னும் மிகச் சிறிய குளவியை யாரும் காசு கொடுத்து வரவழைக்கவில்லை, ஈயோடு அதுவும் இங்கே வந்திருந்தது. வேளாண் பல்கலைக்கழகத்தின் பரிந்துரையில் அதனால்தான் மருந்தடிக்காதே என்பது முன்னிற்கிறது. ஐந்தடிக்கு ஒன்றரை அடி மஞ்சள் ஒட்டுத்தாளில் விளக்கெண்ணெய் தடவி ஏக்கருக்கு எட்டோ பத்தோ தொங்கவிடு. கரும்பூசணத்துக்கு லிட்டருக்கு 25 கிராம் மைதாப் பசை தெளி. குளவி இருக்கும் ஓலைத் துண்டைப் பத்து மரத்துக்கு ஒன்றாகக் கட்டு.

ஓலையைத் திருப்பிக் கைலென்ஸ் வைத்துப் பார்த்தால் இந்தப் போரின் வரவு செலவு அதிலேயே எழுதியிருக்கும். ஈ தன் கூட்டிலிருந்து வெளியேறியிருந்தால் கூட்டில் 'டி' வடிவக் கீறல். உள்ளே இருந்த ஈயைத் தின்று குளவி வெளியேறியிருந்தால் வட்டத் துளை. கீறலையும் துளையையும் எண்ணினால் குளவியின் பங்கு எத்தனை சதவீதம் என்று தெரிந்துவிடும். நல்ல காலத்தில் பாதிக்கு மேல் துளையாகவே இருக்கும். அந்த விகிதம் சித்திரை, வைகாசி வெயிலில் எந்தப் பக்கம் சாய்கிறது என்பதில்தான் மாதிரியின் உயிர் இருக்கிறது. பூச்சி–குளவி இணைகள் பலவற்றை ஒப்பிட்ட ஆய்வுகளில், குளவி தாங்கும் உச்ச வெப்பம் பெரும்பாலும் அது தாக்கும் பூச்சியைவிடக் குறைவாகவே இருக்கக் காண்கிறோம். வெயில் நடுநிலை வகிப்பதில்லை. இந்த விஷயத்தில் அது பெரும்பாலும் பூச்சியின் பக்கம்.

படைப்புழுவின் கதையில் ஈரம் குறுக்கே வருகிறது. அந்தப் புழுவை இயற்கையில் கொல்லும் பூஞ்சணம் ஒன்று உண்டு. செத்த புழு முதலில் வெள்ளையாகி, பிறகு இளம்பச்சைப் பொடி பூத்து விறைத்துக் கிடக்கும். காற்றில் ஈரம் மிகுந்தால்தான் பூஞ்சணம் பரவும். பட்டாசுக்கு உகந்த கரிசல் காற்று அதற்கு ஆகாது. ஆக வெப்பம், வேட்டை என்ற இரண்டு நெடுவரிசைகள் போதவில்லை, ஈரத்துக்கும் ஒன்று வேண்டியிருக்கிறது.

நெடுவரிசைகள் கூடக் கூட மாதிரி திணறும். இருபது இனங்கள் என்றால் 190 இணைகள். ஒவ்வோர் இணைக்கும் தேடும் வேகம், கையாளும் நேரம், அவை சூட்டோடு மாறும் வளைவு. ராபர்ட் மே 1972இல் வேறொரு குண்டையும் போட்டிருந்தார்: இனங்களும் அவற்றுக்கிடையிலான பிணைப்புகளும் தாறுமாறாகக் கூடினால் கூட்டம் நிலைகுலையவே வாய்ப்பு அதிகம். இயற்கையில் அப்படி நிலைகுலையாமல் இருப்பதற்குப் பிணைப்புகளில் பெரும்பாலானவை பலவீனமானவை என்பது ஒரு முக்கியக் காரணம். எல்லாவற்றையும் அளக்காமல் பலமான சிலவற்றை மட்டும் அளந்தால் பிழைத்துக்கொள்ளலாம் என்ற நம்பிக்கை அங்கிருந்து வருகிறது. அதுவும் முழு நம்பிக்கை இல்லை. அமெரிக்கப் புல்வெளியில் ஆஸ்வால்ட் ஷ்மிட்ஸும் பிராண்டன் பார்ட்டனும் செய்த சோதனையில், புல்லின் மேல்தட்டில் வேட்டையாடிய சிலந்தி சூடு தாங்காமல் கீழே இறங்கியது; கீழே இருந்த வேறு சிலந்தி அதையே தின்றுவிட்டது. அதுவரை இல்லாத பிணைப்பு ஒன்று புதிதாக முளைத்தது.

சராசரி வெப்பம் என்ற எண்ணும் ஏமாற்றுக்காரன். 38 முதுகெலும்பற்ற உயிர்களின் வளைவுகளை வைத்து டேவிட் வாசூர் குழு 2014இல் காட்டியது, சராசரி ஏறுவதைவிட ஏற்ற இறக்கம் கூடுவதே அவற்றுக்குப் பெரிய ஆபத்து என்று. நாற்பது டிகிரி கொளுத்தும் மூன்று பிற்பகல்கள் மாத சராசரியில் தெரியாது, குளவிக்குத் தெரியும்.

மேற்கே மலையில் 2021இல் அறிவிக்கப்பட்ட திருவில்லிபுத்தூர்–மேகமலைப் புலிகள் காப்பகத்துக்கு இந்தக் கணக்கையெல்லாம் அப்படியே ஏற்றிவிட முடியுமா? அவசரப்படாமல் இருப்பது நல்லது. அங்குள்ள விலங்குகளுக்கு நீண்ட ஆயுள், குறைந்த எண்ணிக்கை, வெப்பத்தோடு சுற்றிவளைத்த உறவு. அமெரிக்காவின் ஐல் ராயல் தீவில் ஓநாய்களையும் மூஸ் மான்களையும் 1958 முதல் எண்ணி வருகிறார்கள். குளிர்காலத்தில் ஏரி உறைந்து பாலமாகும்போதுதான் புதிய ஓநாய்கள் தீவுக்கு வரும். சூடு கூடி அந்தப் பாலம் அரிதாக, உள்ளேயே இனம்பெருக்கி ஓநாய்கள் 2016இல் இரண்டாகக் குறைந்தன. 2018இல் புதிய ஓநாய்களை விமானத்தில் ஏற்றிவந்து விட்டார்கள். வெப்பம் ஓநாயின் உடலைத் தொடவே இல்லை, பாதையைத்தான் மூடியது. நம் காப்பகத்தின் செண்பகத்தோப்பில் நரை அணில் கிளைவிட்டுக் கிளை தாவித்தான் கருங்கழுகிடமிருந்து தப்பிக்கிறது. வறட்சியில் ஓடையோர மரம் பட்டுப்போய் அந்தக் கிளைத்தொடர் அறுந்தால், அணில் எத்தனை டிகிரி தாங்கும் என்ற கேள்விக்கு அர்த்தமே இல்லை.

வேகமாகத் தலைமுறை மாறும் பூச்சி உலகில்தான் மாதிரிகள் இன்றைக்குக் காசு பெறும். பெங்களூரில் உள்ள தேசிய வேளாண் பூச்சி வள நிலையம் கரும்பு, பருத்திப் புழுக்களின் முட்டையைத் தாக்கும் டிரைக்கோகிரம்மா குளவியைத் தலைமுறை தலைமுறையாகச் சூட்டில் வளர்த்துத் தேர்ந்தெடுத்து, வெப்பம் தாங்கும் ரகம் ஒன்றை உருவாக்கியிருக்கிறது. சாதாரண ரகத்தின் முட்டை ஒட்டிய அட்டையை வயலில் மாலையில் கட்டச் சொல்வதும் இதே கவலையால்தான். ஆனால் பூச்சித் தாக்குதல் எச்சரிக்கைகள் இன்னமும் பெரும்பாலும் பூச்சியின் பக்கக் கணக்கையே பார்க்கின்றன. குளவிக்கு அதில் இடம் அரிது. திருவில்லிபுத்தூரில் பருத்தி ஆராய்ச்சி நிலையமும் அருப்புக்கோட்டையில் மண்டல ஆராய்ச்சி நிலையமும் மாவட்டத்துக்குள்ளேயே இருக்கின்றன. வாரம் ஒருமுறை சில தோப்புகளில் கைலென்ஸோடு நூறு கூடுகளைப் பார்த்து, கீறல் எத்தனை, துளை எத்தனை என்று எழுதி, பக்கத்திலேயே அன்றைய உச்ச வெப்பத்தையும் குறித்துவைத்தால், மூன்று கோடைக்குள் இந்த வட்டாரத்துக்கே உரிய ஒரு வளைவு கைக்கு வரும்.